பாட வராது, தாளம் நிற்காது, ஆனால் கச்சேரி என்றால் முன்வரிசை

#1 குளக்கட்டு
ஞாயிறு, பிற்பகல் 2.10

நேற்றிரவு முள்ளியவளைப் பக்கம் ஒரு கோயில் வெளியில் காத்தவராயன் கூத்து. பத்து மணிக்குத் தொடங்கியது, காத்தவராயன் கழுவேறி முடிய விடிந்துவிட்டது. இன்னும் நித்திரை கொள்ளவில்லை. அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கூத்துப் பார்க்கப் போனால் மேடைக்கு நேரே இருப்பதில்லை. பக்கவாட்டில், மிருதங்கக்காரரிடமிருந்து ஒரு முழம் தள்ளி உரச்சாக்கை விரித்து இருந்துவிடுவேன். கூத்து தொடங்குவதற்கு முந்திய அரை மணித்தியாலத்தை எந்தக் காரணத்துக்காகவும் விடமாட்டேன். நேற்று அந்த அண்ணை ஒரு போத்தல் மூடியில் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். இடப்பக்கத் தோலின் நடுவில் வட்டமாக அப்பினார். தட்டினார். பிடிக்கவில்லை. கடுகளவு கிள்ளி எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார். 'தொம்' என்று வயிற்றுக்குள் இறங்கியது. பிறகு மிருதங்கத்தைத் திருப்பி, வலப்பக்க விளிம்பில் புள் என்ற சின்ன மரத்துண்டை வைத்துக் கல்லால் தட்டத் தொடங்கினார். விளிம்பைச் சுற்றி வார் கோத்த 16 கண்ணும் ஒரே குரலில் பேச வேண்டும். குளத்துப் பக்கக் காற்று ஈரம், ஒரு கண்ணை ஏற்றினால் இன்னொன்று இறங்கியது. ஆர்மோனியக்காரர் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்தபடி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். யாருக்கும் அவசரம் இல்லை. திடீரென்று இரண்டு வாத்தியமும் ஒட்டிக்கொண்டன. எனக்கு மயிர் கூச்செறிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சங்கீதம் துளியும் வராது. ஆறாம் வகுப்பில் பரிசளிப்பு விழாவுக்குத் தேவாரக் குழுவில் சேர்த்தார்கள், ஒத்திகை பார்த்த ரீச்சர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, "நீர் வாயை மட்டும் அசையும்" என்றார். அசைத்தேன். படத்தில் எல்லாரையும் விட என் வாய்தான் பெரிதாகத் திறந்திருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு அழகியல் பாடம் தெரிவு செய்யும்போது சங்கீதத்தைக் கேட்டேன், சித்திரத்தில் போட்டார்கள். வேலை கிடைத்த பிறகு கீபோர்ட் வாங்கி எட்டு மாதம் வகுப்புக்குப் போனேன். எட்டாம் மாதம் சொல்லித்தந்தவரே, "காசை வீணாக்காதேயும் தம்பி" என்றார். கீபோர்ட் இப்போது மருமகளிடம்.

இதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள்: "இவ்வளவு விருப்பமென்றால் ஏன் ஒன்றும் பழகவில்லை?" சாப்பாட்டில் விருப்பமுள்ளவனிடம் ஏன் கடை போடவில்லை என்று யாராவது கேட்கிறார்களா? இன்னொன்று. முடிந்ததும் கலைஞரிடம் போய் நின்றால் வாயில் ஒன்றும் வராது. "நல்லா இருந்தது அண்ணை." அவ்வளவுதான். அவர் தலையாட்டிவிட்டு உறையைப் போட்டுக் கட்டத் தொடங்குவார். நேற்றும் அதேதான்.

என்னைப் போல வேறு யாராவது இருக்கிறீர்களா?


#2 முறிகண்டிக் கச்சான்
ஞாயிறு, பிற்பகல் 2.55

இருக்கிறேன். மகளுக்கு இரண்டு வயதில் தாலாட்டுப் பாடினேன். பிள்ளை எழும்பி இருந்து என் வாயைக் கையால் பொத்தியது. அன்றோடு விட்டுவிட்டேன்.


#3 பாலைப்பழம்
ஞாயிறு, மாலை 6.30

நான் சங்கீத ஆசிரியை. கிளிநொச்சிப் பக்கம். வாயை மட்டும் அசைக்கச் சொன்ன ரீச்சர்மாரின் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்குகிறேன். நானும் இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறேன். விழாவுக்குப் பிரதம விருந்தினர் வருகிறார் என்றால் எங்களுக்கும் பதற்றம்.

குளக்கட்டுத் தம்பி, ஒன்று கேட்கிறேன். நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தைத் தாழ்த்தி ஊதினால் உமக்குத் தெரியுமா? தெரிந்தால் உமது காதில் குறை இல்லை. காதிலேயே குறை உள்ளவர்கள் இருக்கிறார்கள், அதற்கு அமியூசியா என்று பெயர். அவர்களுக்கு இரண்டு மெட்டுக்கு வித்தியாசம் பிடிபடாது. சிலருக்குப் பாட்டு என்பது பாத்திரம் உருளும் சத்தம் போலத்தான். மொன்றியலில் இசபெல் பெரெட்ஸ் என்பவர் இதைப் பல வருடமாக ஆராய்கிறார். 2017இல் வந்த கணிப்பின்படி நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்குத்தான் அது. 'எனக்குச் சுருதியே சேராது' என்று என்னிடம் சொல்பவர்களோ வகுப்புக்குப் பத்துப் பேர்.

மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது? காது சரியாகக் கேட்கிறது, தொண்டை சொன்னபடி கேட்பதில்லை. அதோடு நாங்கள் செய்யும் பிழையும் சேர்கிறது. பள்ளியில் ஒரே சுருதிப்பெட்டி, பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்காக ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டையில் கிடக்கும். (கட்டை என்றால் சுருதியின் உயரம், எண் கூடக் கூடச் சுருதி ஏறும்.) குரல் உடையத் தொடங்கிய 13, 14 வயதுப் பெடியனும் அதே கட்டையில் பாட வேண்டும். மேல் சட்ஜத்துக்கு எட்டிப் பிடிக்கப் பார்ப்பான், கீச்சென்று வரும், வகுப்பு சிரிக்கும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் வாய் திறக்கமாட்டான். அவனுடைய கட்டை ஒன்றாகவோ ஒன்றரையாகவோ இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. பெரிய பெரிய வித்துவான்களே ஒரு கட்டையில் இருந்து பாடுகிறார்கள், எட்டாம் வகுப்புப் பெடியன் மட்டும் ஐந்தரையில் பாட வேண்டுமாம்.


#4 குளக்கட்டு
ஞாயிறு, இரவு 8.15

ரீச்சர், தெரியும். நாயனம் கொஞ்சம் தாழ்ந்தாலும் பல் கூசும். வாயில் வைத்து ஊதும் சீவாளி காய்ந்துவிட்டதா, ஊதுபவர் களைத்துவிட்டாரா என்று யோசிப்பேன். ஆனால் அதே சுரத்தை நான் பாடினால், நான் நினைத்தது ஒன்று, வந்தது ஒன்று. எங்களுடைய கிணற்று வாளி மாதிரி: கயிறு சரி, வாளி சரி, தண்ணீர் மட்டும் வருவதில்லை.


#5 ஒற்றைப்பனை
ஞாயிறு, இரவு 9.00

கோபிக்க வேண்டாம், இது சாக்கு. தவில்காரர் வீட்டுப் பிள்ளை ஐந்து வயதில் மரக்கட்டையில் தட்டத் தொடங்குகிறது. பள்ளிக்குப் போக முன்னர் இரண்டு மணித்தியாலம், வந்த பிறகு மூன்று. பதினைந்து வருடம் அப்படிப் போனால் யாருக்கும் கை வரும். நீங்கள் எட்டு மாதம், அதுவும் கிழமைக்கு ஒரு நாள் போய்விட்டு 'எனக்குத் திறமை இல்லை' என்கிறீர்கள். திறமை என்று நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி பிறந்த வீடு.

பிறந்த வீடு என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயில் பொங்கலில் பறை அடிக்க வருபவர்களை எல்லாரும் சுற்றி நின்று பார்க்கிறோம், கைபேசியில் பிடிக்கிறோம், 'என்ன அடி!' என்கிறோம். பொங்கல் முடிந்த பிறகு அவர்களுக்கு எங்கே இலை போட்டார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? அவர்களுடைய பெடியள் பறையைத் தொடமாட்டோம் என்று நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரசிப்பதைப் பற்றி இவ்வளவு கதைக்கிறோம், அந்த இரசனை கோயில் வாசலோடு ஏன் நின்றுவிடுகிறது?


#6 முறிகண்டிக் கச்சான்
ஞாயிறு, இரவு 9.20

கூத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த இழையில் இது தேவையா?


#7 ஒற்றைப்பனை
ஞாயிறு, இரவு 9.24

தேவை.


#8 வலந்தலை
ஞாயிறு, இரவு 11.50

இப்போதுதான் ஒரு கலியாண வீட்டு ஓட்டம் முடிந்து வந்தேன். நான் தவில். நான் பிறந்ததும் ஒற்றைப்பனை சொன்ன மாதிரி வீடுதான். ஐந்து வயது, மரக்கட்டை, எல்லாம் உண்மை. ஆனால் என்னோடு அதே கட்டையில், அதே அப்பாவிடம் அடி வாங்கிப் பழகிய தம்பி இன்று மங்குளத்தில் வாகனம் திருத்துகிறான். எனக்குக் கை வந்தது, அவனுக்கு வரவில்லை. அதே பயிற்சி, அதே பிரம்பு. ஆகவே முக்கால்வாசி வீடு என்பதை ஏற்கிறேன், மிச்சக் கால்வாசியை என்ன செய்வது?

அந்தத் தம்பிதான் நான் வாசிப்பதை மிகச் சரியாகக் கேட்பவன். கோர்வை வைக்கும்போது அவனைப் பார்ப்பேன். ஒரே சொற்கட்டு மூன்று தடவை வந்து, மூன்றாம் தடவை முடியும் இடம் பாட்டின் எடுப்பில், அதாவது வரி தொடங்கும் இடத்தில், போய் விழ வேண்டும். இரண்டாம் தடவையிலேயே அவனுக்கு எங்கே விழப்போகிறது என்று தெரிந்துவிடும். புருவம் ஏறும். விழுந்ததும் தலை ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வுக்காகவே வாசிப்பேன் என்றால் நம்புவீர்களா?

இன்றைய கலியாண வீட்டைச் சொல்கிறேன். மூன்று மணித்தியாலம் வாசித்தோம். எங்களைப் பார்த்தவர் ஐயர் ஒருவர்தான், அதுவும் கெட்டிமேளத்துக்கு விரலை ஆட்டும்போது. வீடியோக்காரர் வந்து, "அண்ணை, கொஞ்சம் தள்ளி இருங்கோ, மேளம் படத்துக்குள் வருது" என்றார். நாயனக்காரர் நல்ல கல்யாணி ஒன்று ஊதினார். யாருக்கு? சாப்பாட்டு மண்டபத்தில் கதிரை இழுக்கும் சத்தம் எங்கள் சத்தத்தை விடப் பெரிது. கூலி ஒழுங்காகத் தந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் கையில் கூடு கழற்றும்போது வெறுமையாக இருந்தது. (கூடு என்றால், துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிச் செய்யும் விரல் உறை. வலந்தலையை, அதாவது தவிலின் வலப்பக்கத் தோலை, அதைப் போட்டுத்தான் வாசிப்போம். காய்ந்தால் கல்லு மாதிரி. என் பெயருக்கும் விளக்கம் சொல்லிவிட்டேன்.)

குளக்கட்டுத் தம்பிக்கு ஒரு பதிலும் ஒரு முறைப்பாடும்.

பதில்: கலைஞரிடம் 'நல்லா இருந்தது' என்று சொல்லாதேயும். அதை நாங்கள் ஒரு நாளைக்கு 40 தடவை கேட்கிறோம், கையில் தேநீர் வைத்திருப்பவரும் சொல்வார். எந்த இடம் பிடித்தது என்று சொல்லும். 'மல்லாரிக்குப் பிறகு ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தீர்களே, அந்த இடம்.' பெயர் தெரியத் தேவையில்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் காலமானார். நான் பிறக்கவே இல்லை. ஆனால் அவர் வாசித்த திருவிழாவில் இருந்த கிழவர்கள், "அந்தத் தேர் முட்டியடியில், அந்தத் திருப்பத்தில்" என்று கையால் காற்றில் அடித்துக் காட்டுவார்கள். அவர்களில் ஒருவருக்கும் தவில் வாசிக்கத் தெரியாது. இணுவிலிலிருந்து தமிழ்நாடு வரை பெயர் எடுத்த மனிதரின் கையை நான் ஒலிப்பதிவில் பாதியும் அந்தக் கிழவர்களின் கைகளில் பாதியுமாகத்தான் படித்தேன்.

முறைப்பாடு: நீர் ஒரு முழம் தள்ளி இருந்து தொடையில் தாளம் போடுபவரா? உண்மையைச் சொல்லும்.


#9 குளக்கட்டு
திங்கள், காலை 6.05

...ஓம்.


#10 வலந்தலை
திங்கள், காலை 6.20

தெரிந்தது! எங்கள் கண்ணுக்கு நேரே இருந்து பிழைத் தாளம் போடுபவரை விடப் பெரிய தண்டனை கிடையாது. நாங்கள் மிஸ்ர சாபு தாளத்தில் ஏழு எண்ணிக்கொண்டிருப்போம், முன்னால் இருப்பவர் எட்டுத் தட்டுவார். ஆளும் அன்போடுதான் தட்டுவார், எழும்பிப் போகச் சொல்லவும் மனம் வராது. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் வித்துவான்களெல்லாம் பக்தியில் மூடுகிறார்கள் என்றா நினைத்தீர்கள்?


#11 ஸ்காபரோ வன்னியான்
திங்கள், காலை 7.45

இங்கே இரவு. வேலை முடிந்து வந்து வாசித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மங்குளம். 1999இல் வெளிக்கிட்டவன். போர்க்காலம், பற்றரிக்குத் தடை, மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் பூட்டி, பெடலைக் கையால் சுற்றிப் பாட்டுக் கேட்ட காலம். வன்னியில் இருந்த எல்லாருக்கும் இந்தக் கதை உண்டு, நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு விசேஷம் என்னவென்றால், என்னைச் சுற்ற விடமாட்டார்கள். பெரியண்ணை சுற்றினால் பாட்டுப் பாட்டாக வரும். நான் சுற்றினால் கசெற் இழுபடும். பாடகர் ஒரு வரியில் தூங்குவார், அடுத்த வரியில் அவசரமாக பஸ் பிடிக்க ஓடுவார். "உனக்குப் பெடலிலேயே தாளம் நிற்கவில்லை" என்று அம்மா சொல்வா. வாத்தியத்தைத் தொடாமலேயே சங்கீதம் வராது என்று நிரூபித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் புளியம்பொக்கணைப் பொங்கலுக்கு அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து போனது ஞாபகம் இருக்கிறது. இருட்டு. காட்டு ஒழுங்கை. கோயில் தெரிய முன்னரே மேளம் கேட்கும், காதில் அல்ல, சைக்கிள் பாரில் கேட்கும். இரும்பு அதிரும். இங்கே என் மகன் மிருதங்கம் பழகுகிறான், அரங்கேற்றமும் செய்யப்போகிறோம், மண்டபக் காசைச் சொன்னால் நீங்கள் இழையை மூடிவிடுவீர்கள். அவன் நன்றாகத்தான் வாசிக்கிறான். எனக்கோ சோதனைக்குப் படிக்கும் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. குறை அவனிடமா என்னிடமா என்று பிடிபடவில்லை.


#12 பாலைப்பழம்
திங்கள், மாலை 5.40

ஸ்காபரோ அண்ணை, குறை இரண்டு பேரிடமும் இல்லை. இங்கேயும் அதே கதைதான். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு என் வகுப்பிலிருந்து வருடா வருடம் பிள்ளைகள் போகிறார்கள். தரம் தரமாகச் சித்தியடைகிறார்கள், சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். அதே பிள்ளைகளைக் கோயிலில் நாயனக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனால், பத்து நிமிடத்தில் ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு மணித்தியாலம் அசையாமல் கேட்கிற ஒரு பிள்ளையை நான் பதினொரு வருடத்தில் மூன்றோ நாலோதான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்திக்குப் பாடவே வராது.


#13 நந்திக்கடல் நெத்தலி
திங்கள், இரவு 8.30

எல்லாரும் பாடுபவர், கேட்பவர் என்று இரண்டு கட்சியாகப் பிரிக்கிறீர்கள். கூத்தில் மூன்றாவது கட்சி ஒன்று உண்டு.

எங்கள் பெரியப்பா கோவலன் கூத்தில் கொப்பி பார்த்தவர். ஏட்டில் இருந்ததைச் சி.ஆர். கொப்பியில் எழுதி எடுத்து, உறை போட்டு, சேலைத் துண்டில் சுற்றி வைத்திருப்பார். திரைக்குப் பக்கத்தில் முக்காலியில் இருந்து, ஆடுபவர் வரியை மறந்தால் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. அவர் பேசினால் வசனம். பாடினால் வீட்டில் எல்லாரும் வெளியே போய்விடுவோம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சின்ன வயதில் அவரைப் பிற்பாட்டுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரே இரவில் கொப்பியைக் கையில் கொடுத்துவிட்டாராம்.

கோவலன், கண்ணகி, மாதவி, பாண்டியன், பொற்கொல்லன், எல்லாருடைய பாட்டும் அவருக்கு மனப்பாடம். எந்த ஆட்டக்காரர் எந்த வரியில் தடுமாறுவார் என்பதும் தெரியும். அந்த வரிக்கு முன்னரே வாயைத் தயாராக வைத்திருப்பார். ஒரு முறை பாண்டியனுக்குக் காய்ச்சல். ஆள் இல்லை. எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள், ஆட்டமும் தெரியும், பாட்டும் தெரியும். அவர் கொப்பியை மூடவில்லை. "கூத்தை நான் பழுதாக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கடைசியில் காய்ச்சல்காரரையே போர்வையோடு கொண்டுவந்து சிம்மாசனத்தில் இருத்தினார்கள். பெரியப்பா பாதி வரியை எடுத்துக் கொடுத்தார், பிற்பாட்டுக்காரர்கள் மிச்சத்தை இழுத்தார்கள். அன்றைக்குப் பாண்டியன் நடுங்கினது நடிப்பு என்று சனம் நினைத்தது.

2009இல் கொப்பி போய்விட்டது. மீள்குடியேறிய பிறகு அண்ணாவியாரின் மகன் வந்து வீட்டு முற்றத்தில் இருந்தார், பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், நான் எழுதினேன். பதினான்கு பின்னேரங்கள். மெட்டு வரும் இடத்தில் பாடிக் காட்ட முடியாமல், "இது மாதவி முதல் வரும் மெட்டு", "இது அந்தத் தாலாட்டு மாதிரி, ஆனால் கோபமாக" என்று சொல்வார். அண்ணாவியாரின் மகன் ஒன்றைப் பாடிக் காட்டுவார். பெரியப்பா தலையை ஆட்டுவார்: "இல்லை". இன்னொன்று. "இல்லை." மூன்றாவது. பெரியப்பா அழுதார். அப்போது மெட்டுச் சரி என்று எழுதிக்கொண்டோம்.


#14 வலந்தலை
செவ்வாய், அதிகாலை 12.15

நெத்தலி தங்கச்சி, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியில் போய் நின்றேன்.

அப்பாவின் மேளமும் அந்த வருடம்தான் போனது. பலாமரத்தில் கடைந்த பழைய மேளம். கிளிநொச்சியிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில், பிறகு சைக்கிளில், பிறகு தோளில். மாத்தளன் மணலில் வைத்துவிட்டு வந்தோம். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. தோல் மாற்றலாம், வார் மாற்றலாம், அந்தக் கட்டையின் நாதம் திரும்ப வராது.

ஒற்றைப்பனைக்கும் ஒரு வார்த்தை. நீர் சொன்னது சரி. எங்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லை, பொன்னாடையாவது போர்த்துகிறார்கள். (என் வீட்டில் 23 பொன்னாடை இருக்கிறது. கடைக்காரர் அரிசிக்குப் பதிலாக அதை வாங்கமாட்டார்.) பறை அடிப்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஒரே கோயிலில் வாசித்துவிட்டு நாங்கள் மடப்பள்ளிப் பக்கம் சாப்பிட, அவர்கள் வேலிக்கு வெளியில் நின்றதை நானும் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.


#15 குளக்கட்டு
செவ்வாய், இரவு 7.30

ஒற்றைப்பனை அன்றைக்கு எழுதியது இரண்டு நாளாக மண்டைக்குள் நிற்கிறது. போன வருடப் பொங்கலில் பறை காய்ச்சியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காய்ந்த ஓலையைக் கொளுத்தி, பறையை நெருப்புக்கு மேலே சாய்த்துப் பிடித்துச் சுற்றினார் ஒருவர். தோல் இறுக இறுக விரலால் சுண்டிப் பார்ப்பார். முதலில் ஈரச்சாக்கைத் தட்டின மாதிரி, பிறகு பலகை, பிறகு பித்தளை. அந்தப் பித்தளைச் சத்தம் வந்த அதே கணத்தில் நெருப்பிலிருந்து எடுத்தார். இன்னும் கொஞ்சம் விட்டால் தோல் வெடிக்கும். இவ்வளவும் பார்த்திருக்கிறேன், அவருடைய கையில் பழைய சூட்டுத் தழும்பு இருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பெயர் என்ன என்று கேட்கவில்லை. சாப்பிட்டாரா என்றும் கேட்கவில்லை. மிருதங்க அண்ணையின் பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை, எல்லாம் எனக்குத் தெரியும்.

சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.


#16 பாலைப்பழம்
செவ்வாய், இரவு 8.10

தம்பி, ஞாயிறு பின்னேரம் வகுப்பு இல்லை. வந்தால் உமது கட்டை எது என்று பார்த்துச் சொல்வேன். காசு வேண்டாம். வாயையும் அசைக்க வேண்டும், சத்தமும் வர வேண்டும்.


#17 குளக்கட்டு
(இரண்டு கிழமைக்குப் பிறகு) ஞாயிறு, இரவு 9.40

முடிவு வந்துவிட்டது. என் கட்டை ஒன்று. கீழ் சட்ஜத்தில் நிற்கிறேன், பஞ்சமம் வரை ஒரு மாதிரிப் போய்ச் சேருகிறேன், அதற்கு மேலே தைவதம் என்னைக் கண்டால் ஒளித்துவிடுகிறது. ரீச்சர் நல்ல மனுசி, சிரிக்கவில்லை. அவவின் அம்மா குசினியில் சிரித்தது கேட்டது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. 30 வருடம் ஒளித்து வைத்த பாடகன் ஒருவனும் வெளியே வரவில்லை. ஒற்றைப்பனை பதினைந்து வருடம் முயற்சி செய் என்பார். அண்ணை, வயலும் இருக்கிறது.

ஆனால் தாளம் போடக் காட்டித் தந்தா. ஆதி தாளம்: ஒரு தட்டு, பிறகு சின்னி விரல், மோதிர விரல், நடு விரல். தட்டு, திருப்பு. தட்டு, திருப்பு. எட்டு. இதை ஒரு மணித்தியாலம் போட்டேன், போகும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிள் ஹான்டிலில் போட்டேன், பரந்தன் சந்தியில் பொலிஸ் மறித்து என்ன என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நாயனம், தவில். வழக்கமான இடத்தில் இருந்தேன். தொடையில் தட்டவில்லை. வேட்டி மடிப்புக்குள் கையை வைத்து, விரலை மட்டும் உள்ளங்கையில் அழுத்தினேன், யாருக்கும் தெரியாது. நாலைந்து தடவை தவறவிட்டேன், பிறகு பிடித்தேன். தவில்காரர் ஒரு கோர்வை எடுத்தார். முதல் தடவை. இரண்டாம் தடவை. மூன்றாவது எங்கே விழப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. விழுந்தது. நான் என்ன செய்தேன் என்று தெரியாது, பக்கத்தில் இருந்த கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முடிந்ததும் தவில்காரரிடம் போனேன். "அண்ணை, பிள்ளையார் வாசலடியில் திரும்பினபோது வைத்தீர்களே, அந்த மூன்று" என்றேன். அவர் உறையைக் கட்டுவதை நிறுத்திவிட்டு, "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார்.


#18 வலந்தலை
ஞாயிறு, இரவு 11.30

அது நான் இல்லை. ஆனால் யார் என்று தெரியும். அடுத்த நாள் எனக்குப் போன் எடுத்து, "முள்ளியவளையில் ஒருத்தன் கேட்கிறான்" என்றார்.


#19 ஒற்றைப்பனை
திங்கள், காலை 7.00

வயல் என்பது சாக்குத்தான். சரி, போகட்டும். பறைக்காரரின் பெயர்?


#20 குளக்கட்டு
திங்கள், காலை 7.30

சனிக்கிழமை அவருடைய வீடு தேடிப் போனேன். பெயர் கேட்டேன், இங்கே எழுதமாட்டேன், அவரிடம் கேட்காமல் எழுதுவது முறையில்லை. தேநீர் தந்தார், குடித்தேன். மகன் திருகோணமலையில் வேலை, பறை பழகவில்லை, பழகச் சொல்லி அவரும் கேட்கவில்லையாம். "நான் பட்டது போதும்" என்றார். இந்த முறை பொங்கலுக்கு எங்கள் பந்தியில் இலை போடச் சொல்லிக் கோயில் சபையில் கதைத்தேன். இரண்டு பேர் ஓம் என்றார்கள், மூன்று பேர் நிலத்தைப் பார்த்தார்கள். இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது.


#21 ஒற்றைப்பனை
திங்கள், காலை 7.41

கூட்டம் எந்த நாள்? நானும் வருகிறேன்.


#22 நந்திக்கடல் நெத்தலி
திங்கள், மாலை 4.00

அது ஒரு பக்கம் நடக்கட்டும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வருகிறது. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வரும் நாளிலிருந்து நான் அங்கேதான் நிற்பேன். இந்த இழையில் உள்ளவர்கள் யாராவது வருகிறீர்களா? பெரியப்பாவையும் கூட்டி வருவேன். முழங்கால் ஏலாது, கதிரை வேண்டும்.


#23 வலந்தலை
திங்கள், இரவு 10.05

பொங்கலன்று வருகிறேன், வாசிக்க இல்லை, கேட்க. தம்பியையும் கடையைப் பூட்டச் சொல்லிக் கூட்டி வருவேன். குளக்கட்டு எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எட்டுக்கு ஏழு போட்டால் கையைப் பிடிப்பேன்.


#24 முறிகண்டிக் கச்சான்
திங்கள், இரவு 10.20

பெரியப்பாவுக்குக் கதிரை நான் கொண்டு வருகிறேன். கச்சானும் என் கணக்கு. ஆனால் வாசிக்கும்போது உடைக்கக்கூடாது என்று இப்போதே சொல்லுங்கள், மகளையும் கூட்டி வருகிறேன்.